நாய்க்கு நாம் பட்ட கடன்

நன்றிக்கு உவமை தேடுவோர் நாயை நாடுவது தமிழர் மரபு. தலைவன் வீசிய ஆயுதம் தன் உடலிலே தைத்திருக்கும் வேளையிலும் அவனைக் கண்டு வாலாட்டும் நாயை நாலடியார் நமக்குக் காட்டுகின்றது. அத்தகைய நட்பையே நாடுக என்று அந்நூல் அறிவுரையும் கூறுகின்றது. ஆனால், அந்த நன்றிக்குக் கைம்மாறாக மனிதன் செய்வது யாது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். வேளைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டால் நம் கடன் தீர்ந்தது என்று எண்ணுவோரே மிகப் பலர். சோறு வைப்பது நாய் வளர்ப்பின் எளிய பகுதி. கடினமான பகுதி வேறு. அதனைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றோம்.

மாத்தளை நகருக்குச் சற்றுத் தெற்கே, சுது கங்கையை அடுத்து அமைந்த ஊர் எமது உக்குவளை. தேயிலையும் மிளகும் கொக்கோவும் விளையும் மண். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் இவ்வூரில் நாய் இல்லாத ஒழுங்கை எதுவும் இல்லை. இருட்டியபின் வீதியில் நடந்தால் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு குரல் எழும். வளவையும் கோழிக்கூட்டையும் காப்பதற்கு நாய் வேண்டும் என்பதில் இங்கு எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எனினும் மாதத்துக்கு ஒரு முறையேனும் கடைத்தெருவின் ஓரத்திலோ ஆற்றங்கரையிலோ ஒரு காகிதப் பெட்டி கிடப்பதைக் காண்கின்றோம். பெட்டிக்குள்ளே கண் திறந்து சில நாட்களேயான மூன்று நான்கு குட்டிகள் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை பெட்டைகள். விட்டுச் சென்றவர் கொடியவர் அல்லர். யாரேனும் எடுத்துச் செல்வார்கள் என்று தம் மனத்துக்குத் தாமே சமாதானம் கூறிக்கொண்டு வீடு திரும்பியவர். தாம் எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவை எடுக்காது, அதனைத் தெருவின் தலையிலே சுமத்திவிட்டுப் போனவர்.

நாய் வளர்ப்பில் வரும் துன்பங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு தட்டிக்கழித்த முடிவுகளிலிருந்தே பிறக்கின்றன என்பது எமது துணிபு.

அகமதாபாத்தில் எழுந்த வினா

இந்த வினா இந்திய மண்ணில் ஒரு முறை மிகப் பெரிய விவாதமாக வெடித்தது. 1926ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரத்து ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய், தமது ஆலையைச் சுற்றித் திரிந்த அறுபது நாய்களைக் கொல்வித்தார். விசர்நோய் பிடித்த நாய்களால் தொழிலாளருக்கு ஆபத்து நேரும் என்பதே அவர் காட்டிய காரணம். சமணரும் வைணவரும் நிறைந்த அந்நகரம் கொதித்தெழுந்தது. செய்தி காந்தியடிகளிடம் சென்றது. அகிம்சையின் திருவுருவமாக நாடு போற்றிய அவர், வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டுவிட்டார். அவர்மீது கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தமது 'யங் இந்தியா' இதழில் வாரந்தோறும் அவற்றுக்கு விடை எழுதினார்.

அவ்விடைகளைப் படிப்போர் காந்தியடிகள் கொலைக்குப் பரிந்து பேசினார் என்று மட்டும் எண்ணின் அது பிழையாகும். உரிமையாளர் இல்லாத நாய் ஏன் இருக்கின்றது என்பதே அவர் எழுப்பிய அடிப்படை வினா. தெருநாய்கள் திரளாக அலைவது அச்சமுதாயத்தின் இரக்கத்துக்குச் சான்று அன்று, அதன் அக்கறையின்மைக்கே சான்று என்பது அவர் கருத்து. வழியில் எதிர்ப்படும் நாய்க்கு ஒரு துண்டு ரொட்டியை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக மகிழ்வதை அவர் ஏற்கவில்லை. உயிர்களிடத்து அன்புடையோர் அவற்றை முறையாக ஏற்றுப் பராமரிக்க வேண்டும். இயலாதோர் அதற்கென அமைந்த நிலையங்களுக்குப் பொருளுதவி செய்யவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் இலங்கைக்கு வந்து கண்டி முதலிய மலைநாட்டு ஊர்களுக்கும் சென்றார் என்பதை வாசகர் அறிவர்.

அவ்விவாதம் இன்னும் முடியவில்லை. சென்னையில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புளூ குரொஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை அறுபதுகளிலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அம்முறையை ஏற்றது 1996ஆம் ஆண்டிலேதான். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் டில்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பெரும் எதிர்ப்பு எழவே, சில நாட்களுக்குள் அதனை மாற்றி, விசர்நோயும் மூர்க்கமும் இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறிற்று. நமது இலங்கையிலும் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய முறை 2006ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டது.

நீதிமன்றங்களும் அரசுகளும் இவ்வாறு தடுமாறுவதன் காரணம் யாது? வீட்டு வாயிலிலே எடுக்கவேண்டிய முடிவு எடுக்கப்படாமையால், அது வளர்ந்து நாட்டின் வாயிலிலே வந்து நிற்கின்றது. ஆகவே நாம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

குட்டியை ஏற்கும் வேளை

முதல் முடிவு, நாய் வேண்டுமா வேண்டாமா என்பது. இதனைப் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே எடுத்துவிடுகின்றனர். பாடசாலை விட்டு வரும் சிறுவன் சட்டைக்குள் ஒரு குட்டியை மறைத்துக்கொண்டு வருகின்றான். தாய் முதலில் ஏசுகின்றாள். மாலையில் அவளே பால் காய்ச்சி வைக்கின்றாள். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆனால், நன்கு பேணப்படும் நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உயிர்வாழும் என்பதை அந்த மாலையில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குட்டியைத் தூக்கிவந்த சிறுவன் படித்து முடித்து வேலை தேடிப் புறப்படும் நாளிலும் அது முற்றத்திலே படுத்திருக்கும். அப்போது அதற்குச் சோறு வைப்பவர் யார்? நோய் வந்தால் வைத்தியரிடம் கொண்டுசெல்பவர் யார்? அதற்கான செலவை ஏற்பவர் யார்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அரிசி விலையும் மருந்து விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியபோது, இவ்வினாக்களின் கனத்தைப் பல குடும்பங்கள் உணர்ந்தன.

இயலாது என்று தோன்றினால் முதல் நாளிலேயே மறுத்துவிடுவது இரக்கமின்மை ஆகாது. பிள்ளை ஓர் இரவு அழும். ஏற்றபின் கைவிட்டாலோ, நாய் தன் வாழ்நாள் முழுவதும் அதன் பயனை அனுபவிக்கும்.

பெட்டைக் குட்டியின் வழக்கு

நம் ஊர்களில் கடுவன் குட்டிக்கு உடனே இடம் கிடைக்கும். பெட்டைக் குட்டியை எவரும் விரும்புவதில்லை. அது வளர்ந்தால் குட்டி போடும் என்னும் அச்சமே காரணம். அச்சம் நியாயமானதுதான். பெட்டை நாய் ஆறு ஏழு மாதத்திலேயே பருவமடைந்துவிடலாம். சினைக்காலம் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாட்கள். ஆண்டுக்கு இரு முறை ஈனக்கூடும். ஒவ்வோர் ஈற்றிலும் நான்கு, ஆறு, சிலவேளை அதற்கு மேலும் குட்டிகள் பிறக்கும். ஒரே ஒரு நாயை வளர்ப்பவர் இரண்டு ஆண்டுகளுக்குள் இருபது உயிர்களுக்குப் பொறுப்பாளி ஆகிவிடக்கூடும். நாம் கண்ட காகிதப் பெட்டிகளின் கணக்கு இங்கேதான் தொடங்குகின்றது.

இதற்கு மருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சை. ஆனால் இதனைக் கூறியதும் பலர் முகஞ்சுளிக்கின்றனர். இயற்கைக்கு மாறான செயல் அன்றோ, வாயில்லாப் பிராணியைக் கத்தியால் அறுப்பது பாவம் அன்றோ என்று கேட்கின்றனர். இந்தத் தயக்கத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அது இரக்கத்திலிருந்து பிறந்தது. ஆயினும், மழையில் நனைந்து வீதியோரத்தில் சாகும் குட்டிகளைக் கண்ட கண்ணுக்கு எது பெரிய பாவம் என்பது விளங்காமற் போகாது. தக்க காலத்தில் இச்சிகிச்சையைப் பெற்ற பெட்டை நாய்க்குக் கருப்பையிற் சீழ் பிடித்து உயிராபத்து விளையும் நோய் வருவதில்லை. முலைக்கட்டிகள் தோன்றும் வாய்ப்பும் குறைகின்றது. கடுவனுக்குச் செய்தால் அது பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், சண்டையிட்டுப் புண்பட்டு வருவதும் குறையும்.

பிராணிகளுக்குச் சிகிச்சை செய்வது இந்நாட்டுக்குப் புதிதும் அன்று. மனிதருக்கும் விலங்குகளுக்கும் தனித்தனியே மருத்துவம் ஏற்படுத்தியதாகக் கூறும் அசோக மன்னரின் கல்வெட்டு, அவ்வேற்பாடு சென்றடைந்த நாடுகளுள் சோழ பாண்டிய நாடுகளோடு தாம்பிரபரணியாகிய இலங்கையையும் எண்ணுகின்றது. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாச மன்னர் நோயுற்ற பாம்பொன்றுக்குத் தம் கையாலேயே சத்திரசிகிச்சை செய்தார் என்று சூளவம்சம் கூறும். அம்மன்னரின் கத்தியைக் கொடுமை என்று எவரும் கூறியதில்லை. இன்று உக்குவளையிலிருந்து கண்டி வழியே சென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையை அடையலாம். அரசாங்க மிருக வைத்தியர்களும் ஊர்தோறும் உளர். வழி இல்லை என்று கூறுவதற்கு நமக்கு இடமில்லை.

விசர்நோயும் ஆண்டுக்கொரு ஊசியும்

நாயைப் பற்றிப் பேசுவோர் விசர்நோயைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. நோய்க்குறிகள் தோன்றியபின் இதனைக் குணப்படுத்தும் மருந்து உலகில் இன்னும் இல்லை. நோயாளி நீரைக் கண்டு நடுங்கி, அறிவு தெளிந்தும் மயங்கியும் சில நாட்களில் இறக்கின்றார். மனிதருக்கு வரும் விசர்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினாலேயே வருகின்றது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அல்சாஸ் நாட்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்டர் என்பானை விசர்நாய் பல இடங்களிற் கடித்துவிட, அவன் தாய் அவனைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்று லூயி பாஸ்டர் என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தாள். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் அவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான். அன்றிலிருந்து இந்நோய் தடுக்கக்கூடிய நோயாயிற்று. இலங்கையில் விசர்நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது 1893ஆம் ஆண்டில். நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டில். அறிவியலும் சட்டமும் இருந்தும் 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கம் நாடெங்கும் பரவவே அத்தொகை படிப்படியாக வீழ்ந்தது. அண்மைய ஆண்டுகள் பலவற்றில் இருபது முதல் நாற்பது வரையிலேயே நின்றுள்ளது.

இந்த வீழ்ச்சியைக் கொணர்ந்தது வீட்டு நாயின் தோளில் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சிறு ஊசி. ஊர்ப் பொதுவிடத்தில் சுகாதாரப் பகுதியினர் அதனை இலவசமாகவே ஏற்றுகின்றனர். ஆயினும் அந்நாளில் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போவதற்கு ஆள் இல்லை, அது முரண்டு பிடிக்கும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கூறுவோர் உளர். எஞ்சியிருக்கும் அந்த இருபது முப்பது மரணங்கள் அந்த 'அடுத்த முறை'க்குள்ளே ஒளிந்திருக்கின்றன.

மற்றொன்றையும் கூறவேண்டும். விசர்நாய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் என்று எண்ணுவது ஆபத்து. சில நாய்கள் அமைதியாக மூலையில் ஒதுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று கருதி உரிமையாளர் வாய்க்குள் கையை விடுவார். கடி படாமலே, கையிலுள்ள சிறு கீறல் வழியே நோய் புகுந்துவிடக்கூடும். இத்தகைய நாயைத் தொடாது அடைத்துவைத்து மிருக வைத்தியருக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது.

பத்து நாட்கள்

நாய் ஒருவரைக் கடித்துவிட்டது. அயல்வீட்டுக் குழந்தை என்றே வைத்துக்கொள்வோம். நாய் வளர்ப்போரின் நேர்மை சோதிக்கப்படும் வேளை இதுவே. சிலர் நாயை உடனே அடித்துக் கொல்கின்றனர். சிலர் இரவோடிரவாக அதனை வேறூரிற் கொண்டுபோய் விடுகின்றனர். சிலர் கடித்தது தம் நாயன்று என்று சாதிக்கின்றனர். இம்மூன்றும் கடிபட்ட குழந்தைக்கே தீங்கு செய்வன.

ஏனெனில், கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனித்தல் வேண்டும். பத்து நாள் கழிந்தும் அது நலமாக இருப்பின், கடித்த வேளையில் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்று வைத்தியர்கள் முடிவு செய்வர். நாய் மறைந்துவிட்டால் அந்த உறுதி கிடைப்பதற்கு வழியே இல்லை. இடையிலே நாய் இறந்துவிட்டால் அதனைப் புதைத்துவிடாது சுகாதாரப் பகுதியினருக்கு அறிவித்தால், அதன் தலை கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்று பரிசோதிக்கப்படும். இதற்கிடையில் கடிவாயைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று வீட்டில் இருந்துவிடுதல் கூடாது. அதனை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் எண்ணெயும் கடிவாய்க்கு மருந்தாகா.

தன் மகனின் தேர்க்காலில் பசுக்கன்று மாண்டபோது, மகன் என்றும் பாராது நீதி வழங்கிய மன்னன் கதையைத் தமிழர் மனுநீதிச் சோழன்மீது ஏற்றிக் கூறுகின்றனர். மகாவம்சம் அதே கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாள மன்னன்மீது ஏற்றிக் கூறுகின்றது. இரு மரபும் ஒருங்கே போற்றும் அந்நீதியின் சாரம் ஒன்றே. தன் இல்லத்திலிருந்து புறப்பட்ட தீங்குக்குத் தானே முன்வந்து பொறுப்பேற்றல் வேண்டும். நம் நாய் கடித்தது என்று அயலவர் வாயிலில் சென்று கூறுவதற்கு அரசனின் துணிவு வேண்டியதில்லை. சிறிது மனச்சாட்சி போதும்.

வீட்டை விட்டுப் போகும்போது

மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வாழ்ந்தோருக்குப் பிரிவு என்பது வெறும் சொல் அன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. பிறந்த லயத்தையும் நட்ட மரத்தையும் விட்டு மக்கள் புகையிரதமேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்றனர். வழியனுப்ப வந்தோரும் போவோரும் கதறிய அப்புகையிரதத்துக்கு மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்றே பெயரிட்டனர். பாத்திரத்தை விற்கலாம், ஆட்டையும் கோழியையும் விற்கலாம். வாயிலிற் படுத்திருந்த நாயை யார் விலைகொடுத்து வாங்குவர்? கப்பலில் ஏற்றத்தான் இயலுமா? உறவினர் இருவேறு நாடுகளாகப் பிரிக்கப்பட்ட அவ்வேளையில் நாயைப் பற்றிக் கணக்குக் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்குத் தெரிவு அளிக்கப்படவில்லை.

இன்று நம்மிற் பலருக்குத் தெரிவு உண்டு. பிள்ளைகள் கனடாவுக்கோ மத்திய கிழக்குக்கோ செல்கின்றனர். கொழும்பிலே வாடகை வீடு கிடைக்கின்றது. வீட்டுக்காரர் நாய் கூடாது என்கின்றார். போகும் நாள் ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். அந்த ஒரு மாதத்தில் நாய்க்கு ஒரு புதிய இல்லம் தேடுவதும், அதனை ஏற்பவரிடம் தடுப்பூசி அட்டையை ஒப்படைப்பதும், சில நாட்கள் அவரோடு பழகவிடுவதும் செய்யக்கூடிய காரியங்களே. அவ்வாறு செய்யாது, பூட்டிய கதவின் முன்னே அதனை விட்டுச் செல்வது தகாது. பாண்டவர் மூத்தோனின் இறுதிப் பயணத்தை மகாபாரதம் கூறும். தம்பியரும் பாஞ்சாலியும் வழியிலே வீழ்ந்தபின் அவனோடு எஞ்சியது ஒரு நாய். தேரேறுமாறு இந்திரன் அழைத்தான். நாயைவிட்டு வருமாறு கூறினான். தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் என்று தருமன் மறுத்தான். அந்த நாயே அறக்கடவுள் என்று பின்னர் வெளிப்பட்டது. தேரேறும் வேளையிலும் நாயைத் திரும்பிப் பார்த்தவனையே நம் முன்னோர் தருமன் என்று அழைத்தனர்.

இறுதி முடிவு

எல்லாவற்றினும் கொடிய முடிவு இறுதியிலே வருகின்றது. தீராத நோயால் நாய் துடிக்கின்றது. மருந்து பயன் தரவில்லை. அதனை ஊசியால் உறங்கவைக்கலாமா என்று வைத்தியர் கேட்கின்றார். என்ன விடை கூறுவது?

1928ஆம் ஆண்டில் இதே வினா சபர்மதி ஆசிரமத்தில் எழுந்தது. அங்கிருந்த கன்று ஒன்று முடமாகி நோயுற்றது. இயன்ற சிகிச்சைகளெல்லாம் செய்யப்பட்டன. இனி வழியில்லை என்று மிருக வைத்தியர் கைவிரித்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டினாலும் அது வேதனையால் துடித்தது. காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்தாராய்ந்தார். உயிரைப் படைக்க இயலாதோர் அதனை அழிக்கலாமா என்று எதிர்த்தோரும் இருந்தனர். அவர்கள் கூற்றையும் கேட்டபின், வைத்தியரை அழைப்பித்துத் தம் முன்னிலையிலேயே ஊசி ஏற்றுவித்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. பசுவைத் தாயெனப் போற்றும் நாட்டில் அதனைச் செய்ததோடு நில்லாது, தாம் செய்ததை இதழிலும் எழுதி வெளியிட்டார். கண்டனம் மீண்டும் மலையெனக் குவிந்தது. தம் நலத்துக்காகக் கொல்வதே இம்சை. துன்புறும் உயிரின் நலம் ஒன்றையே கருதி, வேறு வழி அறவே இல்லாத இடத்தில் செய்தது இம்சை ஆகாது என்பது அவர் கொண்ட நிலை.

அவரோடு உடன்படாதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். வினைப்பயனை அனுபவித்தே தீரவேண்டும், இடையிலே குறுக்கிடுவதற்கு நாம் யார் என்பது சைவரும் பௌத்தரும் அறிந்த வாதம். அதனை இலேசாக ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. ஏனெனில் அவ்வாதத்தை எமது இல்லத்திலேயே கேட்டிருக்கின்றோம்.

எமது இல்லத்தில் மணி என்றொரு நாய் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. இறுதியில் அதன் சிறுநீரகங்கள் செயலிழந்தன. உண்ட அனைத்தையும் கக்கிற்று. பின் உண்பதையே நிறுத்திற்று. எழ முயன்று விழும். இரவெல்லாம் முனகும். பிழைப்பதற்கு வழியில்லை என்றும், நாம் விரும்பினால் வேதனையை முடித்துவைக்கலாம் என்றும் வைத்தியர் கூறினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்மோடு தங்கியிருந்த எமது தாயார் அதற்கு இசையவில்லை. "தம்பி, தந்தவன்தானே எடுக்க வேணும்? நாங்கள் ஆர் அதைத் தீர்மானிக்க?" என்றார். நாம் அவரோடு வாதாடவில்லை. அன்றிரவு மணியின் அருகே அவரே அமர்ந்திருந்தார். பஞ்சினால் நீர் தொட்டு அதன் வாயை நனைத்தார். விடியுமுன் எழுந்துவந்து, "வைத்தியருக்குச் சொல்லியனுப்பு. இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதும் பாவந்தான்" என்றார்.

வைத்தியர் வந்தார். பிள்ளைகளுக்கு உண்மையைக் கூறினோம். நாய் எங்கோ ஓடிப்போய்விட்டது என்று பொய் கூற நாம் விரும்பவில்லை. மூத்தவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மயக்க மருந்தை மிகுதியாக ஏற்றுவதே இம்முறை. முதலில் நினைவு அகலும். பின்னரே மூச்சும் இதயமும் நிற்கும். ஊசி ஏறிய சில கணங்களிலே மணியின் தலை அவள் மடியிற் சாய்ந்தது. வளவின் பின்புறத்துப் பலாமரத்தடியில் அதனை அடக்கம் செய்தோம். எமது தாயார் அன்று முழுவதும் எவரோடும் பேசவில்லை. அவர் முன்னர்க் கூறியதும் தவறன்று, பின்னர்க் கூறியதும் தவறன்று என்றே நாம் கருதுகின்றோம். இரண்டையும் கூறவைத்தது ஒரே அன்பு.

இம்முடிவை எடுப்போருக்குச் சில வினாக்களை முன்வைக்கின்றோம். மருந்தினால் மாறக்கூடிய நோயா, மாறாததா? வேதனையைத் தணித்து அமைதியாக வைத்திருக்க வழி உண்டா? இன்னும் உண்கின்றதா, எழுகின்றதா, நம்மைக் கண்டு வாலாட்டுகின்றதா? இவற்றுக்கு வைத்தியர் கூறும் விடையைக் கேட்டபின், நம்மையே ஒரு வினா கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் முடிக்க விரும்புவது நாயின் துன்பத்தையா, நமக்கு ஏற்பட்ட தொல்லையையா? கிழநாய் முற்றத்தை அசுத்தமாக்குகின்றது, பார்வை மங்கிவிட்டது, இனிக் காவலுக்கு உதவாது என்பன அதனைக் கொல்வதற்குரிய காரணங்கள் ஆகா. முதுமை நோயன்று. இன்னொன்றும் உண்டு. நஞ்சூட்டிய இறைச்சியும் தடியும் கயிறும் ஒருபோதும் கருணைக்கொலை ஆகா. மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டுவிட்டது. இறுதி ஊசி மிருக வைத்தியரின் கையாலேயே ஏற்றப்படல் வேண்டும். நாய் அறிந்த முகம் ஒன்று அவ்வேளையில் அதன் அருகே இருத்தலும் வேண்டும்.

வாசகர் சிந்தனைக்கு

குட்டியை ஏற்பதா, மறுப்பதா, கருத்தடை செய்விப்பதா, ஊசிக்குக் கொண்டுபோவதா, கடித்ததை ஒப்புக்கொள்வதா, போகும்போது யாரிடம் ஒப்படைப்பது, இறுதியில் என்ன செய்வது. இந்த ஆறு முடிவுகளையும் நாய் தானாக எடுக்க இயலாது. மொழியற்ற அதற்காக எடுப்பதற்கு நம்மைத் தவிர வேறு எவரும் இல்லை. நாம் எடுக்காது விட்டால் முடிவுகள் எடுக்கப்படாமற் போவதில்லை. பசியும் லொறிச் சக்கரமும் விசர்நோயும் அயலவர் தடியும் அவற்றை எடுத்துவிடும். அப்போது விதி என்று கூறி நாம் பெருமூச்செறிவோம்.

நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்கின்றனர். வீட்டிலே நோயுற்ற ஓர் உயிருக்காகத் தந்தையும் தாயும் கூடியிருந்து பேசி, தயங்கி, அழுது, ஒரு முடிவுக்கு வந்து, அதன் பொறுப்பையும் ஏற்பதைக் கண்ட பிள்ளை, சுமையைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டுப் போகப் பழகமாட்டாது. இவ்வாண்டுத் தடுப்பூசி இன்னும் ஏற்றப்படாத நாய் உங்கள் முற்றத்திலே படுத்திருக்குமாயின், கடனைத் தீர்ப்பதற்கு அதுவே நல்ல தொடக்கம்.